புத்தகத்தில் ஏறிய மூச்சு

மதினியின் முந்தானை நுனி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். தெருவில் எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் பிடித்து நிறுத்தி, அந்த ஈர நுனியால் மூக்கையும் கடைவாயையும் துடைத்துவிட்டுத்தான் விடுவார். பிள்ளை என்றில்லை, பெரிய ஆள் என்றாலும் அப்படித்தான். திருத்தங்கலில் எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி என் தேய்ப்பு வண்டி நிற்கும். ஒருநாள் சாயங்காலம் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி ஊதிக்கொண்டிருந்தேன். மதினி வந்து முந்தானையை நீட்டினார்.

"என்ன மதினி?"

"தொடைங்க கொழுந்தனாரே. ஊருக்கெல்லாம் சுருக்கம் எடுக்குறீக, ஒங்க நெத்தி அடுப்படி மாதிரி இருக்கு. பாக்குறவுக கண்ணு நோகக் கூடாதுல்ல."

பாக்குறவுக கண்ணு நோகக் கூடாது. மதினி வாயில் இந்தப் பேச்சு வராத நாள் கிடையாது. ஊர் முறைக்கு அவர் புருஷன் எனக்கு அண்ணன். அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. தெருவே பிள்ளை என்று மதினி இருந்தார். எந்தப் பிள்ளைக்காவது கண் சிவந்து நீர் வடிந்தால் தாய்க்காரி கவனிக்கும் முன்னே இவர் நேர்ந்துகொண்டு, இருக்கன்குடிக்கு நடந்து போய் மாரியம்மனுக்குக் கண்மலர், கண் வடிவில் வெட்டின வெள்ளித் தகடு, வாங்கிப் போட்டுவிட்டு வருவார். அம்மன் பெயரைச் சொன்னால் கண் நோவு பறந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு.

மதினியும் என் வீட்டுக்காரியும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே ஷெட்டில், கம்பி மத்தாப்பு வேலை பார்த்தார்கள். அதற்கு அலுமினியப் பொடி சேர்ந்த மருந்து. வேலை முடியும்போது முழங்கை வரைக்கும் வெள்ளி முலாம் பூசினது போல மினுங்கும். இமை மயிர் மினுங்கும். மூக்குக்குள்ளும் அதுதான். கம்பெனி பஸ் வந்து நின்றதும் மதினிதான் முதலில் இறங்குவார். கூடையில் தேங்காய் எண்ணெய்ச் சீசாவும் சீப்பும் எப்போதும் இருக்கும். குழாயடியில் நின்றுகொண்டு ஒருத்தியையும் அப்படியே கடைவீதிக்குள் விடமாட்டார்.

"அக்கா, வீட்டுல பிள்ள அளுதுக்கிட்டு இருக்கும். விடுங்க."

"பிள்ளைக்கு ஆத்தாளாப் போ தாயி. சிலுவருச் சட்டியாட்டம் போயி நிக்காத."

எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, தலை வாரி, அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். தெரியாத ஆள் பார்த்தால் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள் என்றுதான் நினைப்பான்.

மதினி ஏன் இப்படி என்று எனக்கு ஒருதடவை அவரே சொன்னார், சிரித்துக்கொண்டே. கல்யாணமான புதிதில் விருதுநகரில் ஒரு பெரிய வியாபாரி வீட்டு விசேஷத்துக்கு மதினியும் ஷெட்டுப் பெண்களும் வேலை முடிந்து நேராகப் போயிருக்கிறார்கள். பந்தியில் உட்காரப் போனபோது அந்த வீட்டு அம்மா ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாராம், "நீங்கள்லாம் அந்தக் கடைசி இலைக்குப் போயிருங்க, பிள்ளைக மேல பொடி ஒட்டிரும்" என்று.

"அந்தம்மா சொன்னதுல தப்பில்ல கொழுந்தனாரே. பொடி ஒட்டத்தான செய்யும். பாயாசம் நல்லா இருந்துச்சு. ஆனா எனக்குத்தான் தொண்டையில எறங்கல."

வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க ஆள் வந்தபோது நடந்ததை இன்றைக்கும் தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். மதினி தன்னுடைய கல் வைத்த தோட்டையும் ஒரு முழம் மல்லிகைப் பூவையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டார். ஒருத்தி படம் எடுத்து வெளியே வந்ததும் தோட்டைக் கழற்றி, பூவை எடுத்து அடுத்தவளுக்கு வைத்து உள்ளே அனுப்பினார். எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேர் அட்டையிலும் ஒரே தோடு, ஒரே பூ. பிந்திப் போனவர்கள் தலையில் பூ கொஞ்சம் வாடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏன் மதினி, ஓட்டுப் போட வர்ற அன்னைக்கு அந்தத் தோட்ட எல்லாருக்கும் பிச்சுக் குடுப்பீகளா?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு அவுக மையத்தான் பாப்பாக. காதப் பாக்கமாட்டாக."

நானும் சிரித்தேன். பின்னால் நடந்தது எல்லாம் அந்தத் தோட்டுக்குள்ளேயே இருந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன வயசு. மோட்டு வளையைப் பார்த்துப் பேசாமல் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பெண். தெருவில் யாரைக் கேட்டால் காரியம் நடக்கும் என்று விசாரித்திருப்பார் போல, நேராக மதினி வீட்டுக்கு வந்தார். மதினி எங்களையும் கூப்பிட்டுவிட்டார். டாக்டரம்மா ஒரு சின்னக் கருவியையும் குழலையும் எடுத்துக் காட்டினார். அதில் மூச்சை இழுத்து ஊதினால் நெஞ்சு எவ்வளவு நல்லா இருக்கிறது என்று அளவு சொல்லுமாம்.

"எவ்வளவு மூச்சு இருந்தா நல்ல மூச்சுன்னு எங்க புத்தகத்துல அளவு இருக்கும்மா. அதெல்லாம் வெளிநாட்டுலயும் பெரிய பட்டணத்துலயும் இருக்கிறவங்க ஊதினத வச்சு எழுதினது. உங்கள மாதிரி மருந்துப் பொடியில உக்காந்து வேலை செய்றவங்க மூச்சு அதுல இல்ல. அதனால உங்களுக்கு மூச்சு குறைஞ்சா, எதனால குறைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்ல முடியல. உங்க மூச்சும் அதுல ஏறணும். அதக் காட்டித்தான் மாசம் ஒருதடவை நெஞ்சு டாக்டர் இங்கயே வரணும்னு நாங்க கேக்க முடியும்."

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே விடியக்காலம் எழுந்தால் நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். மாடிப்படி ஏறமாட்டாள். உள்ளூரில் சளி மருந்து கொடுப்பார்கள். மதுரைக்குப் போனால் ஒருநாள் வேலை போகும், சீசனில் அதற்கு மேஸ்திரி முகம் சுளிப்பார். நெஞ்சு டாக்டர் இங்கேயே வருவார் என்றால் எங்களுக்கு அம்மன் வாசல் தேடி வந்த மாதிரி.

"எப்ப வந்தா எல்லாரும் இருப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். "கம்பெனிக்குள்ள எங்கள விடமாட்டாங்க."

"தீபாவளி கழிச்சு வாங்கம்மா" என்றார் மதினி. "கம்பெனி பூட்டிக் கெடக்கும். எல்லாரும் வீட்டுல இருப்போம். ஒங்களையும் நல்லாக் கவனிக்கலாம்."

டாக்டரம்மா தெருமுனை திரும்பும் வரை மதினி வாசலில் நின்று பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வெள்ளக்காரன் மூச்சுக்குப் பக்கத்துல நம்ம தெரு மூச்சையும் எளுதப் போறாக, கொழுந்தனாரே."

அந்த வருஷம் தீபாவளி முடிந்தும் என் வண்டியில் துணி குறையவில்லை. டாக்டர்கள் வருகிற நாளுக்கு முந்தினநாள் தெருவில் இருந்த நல்ல சேலை அத்தனையும் தேய்ப்புக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரியும் மாம்பழக் கலர் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். மடிப்பு மடிப்பாக எடுத்துத் தேய்த்து வைத்தேன். சாயங்காலம் மதினி எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

"தாயி, கோவிச்சுக்கிடாத. நாளைக்கு நீ வரவேணாம்."

"ஏங்க்கா? எனக்குத்தான இரைக்குது?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். புத்தகத்துல ஏறப்போற மூச்சு தாயி. பெறவு அழிக்க முடியாது. மாப்ள வீட்டுக்காரங்க வந்தா கிளிஞ்ச பாயையா விரிப்போம்? மொதத் தடவ நல்ல மொகத்தக் காட்டுவோம். அவுகளுக்கு நம்ம மேல ஒரு இது வரட்டும். அடுத்த தடவ வருவாகள்ல, அப்ப ஒன்னயத்தான் முன்னாடி உக்கார வைப்பேன். அம்மன் மேல ஆணை."

என் வீட்டுக்காரி தலையை ஆட்டினாள். மதினி சொன்னால் தெருவில் யாரும் மறுப்பது கிடையாது. அதைவிட, சொன்னது எங்களுக்கும் சரி என்றுதான் பட்டது. விருந்தாளிக்கு நல்லதைத்தானே எடுத்து வைப்போம். இருமல் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் போய் இப்படித்தான் பக்குவமாகப் பேசி நிறுத்தியிருக்கிறார். கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதில் சந்தோஷம்கூட.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் கோலம், வாசலில் சந்தனம், வந்தவர்களுக்கு அதிரசம். கம்பெனி பூட்டி நாளாகியிருந்ததால் யார் கையிலும் பொடி இல்லை. தெருவிலேயே தெம்பான ஆட்கள், எண்ணெய் வைத்துத் தலை வாரி, வரிசையாக வந்து உட்கார்ந்து ஊதினார்கள். சரவெடி பின்னுகிற ஒரு பெண் ஊதின ஊதலில் கருவியின் முள்ளே மிரண்டுபோனது. எல்லாரும் கை தட்டினார்கள்.

டாக்டரம்மா மட்டும் கேட்டார், "இருமல் உள்ளவங்க யாரும் இல்லையாம்மா?"

"எங்க ஊருத் தண்ணி அப்பிடிம்மா" என்றார் மதினி.

அவரும் ஊதினார். ஊதுமுன் வாயில் கிராம்பு ஒன்றை ஒதுக்கிக்கொண்டார். அது வாய் மணக்க என்று நான் நினைத்தேன். மதினி கொஞ்ச நாளாகவே கிராம்பு மெல்லுவார்.

மாம்பழக் கலர் சேலை மடிப்புக் கலையாமல் எங்கள் வீட்டுக் கொடியில் தொங்கியது.

அந்த டாக்டரம்மா சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வருஷம் வந்தார். "உங்ககிட்ட வாங்கினத உங்ககிட்ட சொல்லாமப் போகக் கூடாது" என்று அதே கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். எங்கள் தெரு மூச்சு நல்ல மூச்சாம். பட்டணத்து ஆட்களுக்குக் கொஞ்சமும் குறைவில்லையாம். மதினி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பக்கத்தில் இருந்தவளை இடித்து, "பாத்தியா" என்றார்.

கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள், "அப்ப அந்த நெஞ்சு டாக்டரு மாசாமாசம் எப்பம்மா வருவாரு?"

டாக்டரம்மா சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, எங்களுக்காகச் சந்தோஷப்பட்ட சிரிப்பு. "நோய் இல்லாத ஊருக்கு டாக்டர் எதுக்கும்மா? இத வச்சுக்கிட்டு நான் கேட்டா யாரும் தரமாட்டாங்க. நல்ல சேதிதானே."

ஒவ்வொருத்தியாக அடுத்தவள் முகத்தைப் பார்த்தார்கள். கூடத்துக்குப் பின்சுவர்தான் எங்கள் வீட்டுச் சுவர். கூட்டத்துக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்ட என் வீட்டுக்காரிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது. அடக்கிப் பார்த்திருக்கிறாள். அடக்கின இருமல் இன்னும் மோசமாக வரும். இருமி, இழுத்து, மறுபடி இருமி, அது ஓயவே இல்லை.

டாக்டரம்மா திரும்பினார். "யாரு அது?"

எல்லாரும் மதினியைப் பார்த்தோம். மதினியின் கை முந்தானை நுனியைத் தேடிப் பிடித்தது. துடைப்பதற்கு எதிரே ஓர் அழுக்கு முகமும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது... வெளியூருல இருந்து வந்த ஆளும்மா. சளி."

அதிரசம் கட்டிக் கொடுத்த சம்படத்தை வாங்கிக்கொண்டு டாக்டரம்மா வேனில் ஏறிப் போய்விட்டார்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் மதினி என் வண்டிப் பக்கம் வந்து தொட்டிச் சுவரில் சாய்ந்தார்.

"அத்தன பேரு முன்னால, நாங்க ஆள மறைச்சோம்னு எப்பிடிச் சொல்லுவேன் கொழுந்தனாரே. வந்த விருந்தாளிய ஏமாத்துன மாதிரி ஆயிருமே. அம்மன் எனக்குக் குத்தம் வைப்பாளா?"

"குத்தம் வைக்கமாட்டா மதினி."

"வைக்கணும்" என்றார். "ஒங்க வீட்டுக்காரி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவ திட்டிட்டாக்கூட நான் தூங்குவேன்."

என் வீட்டுக்காரி கடைசிவரை திட்டவில்லை. மறுநாளும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போனார்கள்.

அடுத்த சீசன் உச்சத்தில் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. அன்று சம்பள நாள், மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். வீட்டுக்காரியைக் கூட்டிவர நான் குழாயடிக்குப் போயிருந்தேன், கம்பெனி பஸ் வந்து நின்றது. மதினி இறங்கினார். குழாயைப் பார்க்காமல் நடந்தார். பின்னாலேயே இறங்கின பெண்கள் கை கழுவக் குனிந்தபோது திரும்பி நின்று, "யாரும் களுவாதீக" என்றார்.

என் காதில் விழுந்தது சரிதானா என்று எனக்கே சந்தேகம்.

"இப்பிடியே மதுரைக்குப் போறோம். இரைக்கிறவ, இருமுறவ அம்புட்டுப் பேரும் வாங்க. கொழுந்தனாரே, நீங்களும் வாங்க. இந்தத் தடவ இவதான் முன்னாடி." என் வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வெள்ளிக் கைகள்.

மதுரை பஸ்ஸில் எங்களைச் சுற்றி இடம் தானாகவே காலியானது. ஓர் ஆள் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து முன்னால் போய் நின்றான். கடைசி இலைக்குப் போகச் சொன்ன அன்றைக்குப் பிறகு மதினி அப்படி வெளியே வந்ததில்லை. இரண்டு உள்ளங்கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு, பிரசாதம் வாங்கினவர் போல உட்கார்ந்திருந்தார்.

கல்லூரிக் கட்டடத்தில் ஓர் உதவியாளர் தம்பி இருந்தான். விவரம் கேட்டான். அந்த டாக்டரம்மா மேல்படிப்புக்கு வடக்கே போய்விட்டாராம். எப்போது வருவார் என்று தெரியாது என்றான்.

"நாங்க தப்பான மூச்சக் குடுத்துட்டோம் தம்பி" என்றார் மதினி. "இதுதான் எங்க மூச்சு. இத எளுதிக்கிடுங்க."

"அந்த ஆராய்ச்சி முடிஞ்சு, அச்சுக்கே போயிருச்சும்மா. புதுசா ஒருத்தர் ஆரம்பிச்சாத்தான் உண்டு." பிறகு எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தான். நல்ல பையன்தான். "வந்தது வந்துட்டீங்க. அங்க பைப் இருக்கு. கைய நல்லாக் கழுவிட்டு வந்து உக்காருங்க, யாராவது டாக்டர் இருக்காங்களான்னு பாக்கிறேன்."

மதினி நகரவில்லை.

"களுவிட்டா பெறவு என்னத்தப் பாப்பீக தம்பி?"

கேட்டு முடிக்கவில்லை, அவருக்கு இருமல் வந்துவிட்டது. மதினி இருமி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரி இருமலைவிட ஆழத்தில் இருந்து வந்தது. கிராம்புக்கு அடியில் எவ்வளவு காலமாக அதைப் போட்டு அமுக்கி வைத்திருந்தாரோ. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். சுவரில் ஐந்து விரலும் வெள்ளியாகப் பதிந்தது. உடனே பதறிப்போய், பழக்க தோஷம், முந்தானையால் அதைத் துடைக்கப் போனார். என் வீட்டுக்காரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்க்கா."

சனிக்கிழமை பிற்பகல். டாக்டர் யாரும் இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னான் அந்தத் தம்பி. திங்கட்கிழமை சீசனில் யார் விடுவார்கள்? திரும்பி வந்தோம். திருத்தங்கல் கடைவீதி வழியாக, கையைக் கழுவாமல், தலையை வாராமல் மதினி நடந்து போனார். கடைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருஷம் இருந்தார். சூலக்கரைக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிற நாளில் வேலை இல்லாதபோதெல்லாம் போய் நின்றார். அங்கேயும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். "உங்க ஊர்ல எல்லாருக்கும் நெஞ்சு நல்லா இருக்குன்னு ஆராய்ச்சியே சொல்லுதேம்மா" என்றார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் சிரித்தார். பாயாசக் கதையைச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு.

பிள்ளைகள் முகத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. பெண்களைக் குழாயடியில் நிறுத்துவதை மட்டும் விட்டுவிட்டார்.

ஒரு சீசனில் வேலைக்குப் போய் வந்த மறுநாள் விடியலில் மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தார். தெருவே கூடிவிட்டது. அவரை எப்படி அனுப்பவேண்டும் என்பதில் யாருக்கும் இரண்டு பேச்சு இல்லை. பெண்கள் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்துத் தலை வாரி, பூ வைத்தார்கள். கூறைச்சேலையை என்னிடம் கொண்டுவந்தார்கள். கரி போட்டு, பெட்டி சூடேறும் வரை காத்திருந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்துக் கொடுத்தேன். மதினிக்கு நான் செய்ய முடிந்தது அதுதான்.

உள்ளங்கை ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் வெள்ளி இருந்தது. ஒருத்தி தேங்காய் எண்ணெயும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அக்காவுக்கு இது ஆகாது, நல்லாத் தொடச்சு விடுவோம்" என்றாள்.

என் வீட்டுக்காரி அந்தத் துணியை வாங்கிக் கீழே வைத்தாள். அவளுக்குப் பேச்சோடு மூச்சும் சேர்ந்து இழுத்தது.

"கைய விட்டுருங்க. போற எடத்துல பாக்குறவளுக்குக் கொஞ்சம் கண்ணு நோகட்டும்."

அம்மனை அப்படிப் பேசலாமா என்று எனக்குப் பதறியது. ஆனாலும் அந்தக் கைகளோடுதான் அவரை அனுப்பினோம்.

இப்போது வருஷம் தவறாமல் ஆடி கடைசி வெள்ளிக்கு நாங்கள் இருவரும் இருக்கன்குடி போகிறோம். என் வீட்டுக்காரி பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று நடக்கிறாள். போனதும் ஒரு ஜோடி கண்மலர் வாங்கி, அந்தக் கைகளைப் பார்த்த கண்ணுக்கென்று அம்மனுக்குச் சாத்தச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை.